பாடத் தெரியாத பாடகர், மாறாத ரிஃப்: தி ஃபால் குழுவை எப்படிக் கேட்பது?

கேள்வியைச் சுருக்கமாகத் திரும்பச் சொல்லிவிடுகிறேன். "தி ஃபால் என்ற பிரிட்டிஷ் போஸ்ட்-பங்க் குழுவைப் பலரும் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்கள். இரண்டு ஆல்பம் கேட்டுப் பார்த்தேன். பாடகர் பாடவே இல்லை, கத்துகிறார், முணுமுணுக்கிறார். பின்னால் ஒரே ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் சிறு இசைத்துணுக்கு, ஆறு நிமிடம் ஓடுகிறது. இதை நிஜமாகவே ரசிக்கிறார்களா, ரசிப்பதாகக் காட்டிக்கொள்கிறார்களா? எங்கே ஆரம்பித்தால் பிடிபடும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது. பாடகருக்குப் பாட வராததும், வாத்தியங்கள் இடத்தைவிட்டு நகராததும் அந்தக் குழுவின் குறையா, முறையா? முறைதான் என்பது என் பதில். நான் பேஸ் கிட்டார் வாசிப்பவன், ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை பார்ப்பவன். இந்தக் குழுவின் பாடல்களைப் பல வருடங்களாகப் பிரித்துப் பிரித்துக் கேட்டு வருகிறேன். அந்தப் பழக்கத்தில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் கொஞ்சம் பின்னணி. 1976 ஜூன் மாதம் மான்செஸ்டரில், வேகமும் முரட்டுத்தனமும் கொண்ட பங்க் இசைக் குழுவான செக்ஸ் பிஸ்டல்ஸ் நடத்திய கச்சேரியைப் பார்த்த கையோடு குழு தொடங்கியவர்கள் பலர். பிரெஸ்ட்விச் பகுதியிலிருந்து வந்த நான்கு இளைஞர்களும் அதில் சேர்த்தி: மார்க் ஈ. ஸ்மித், மார்ட்டின் பிராமா, ஊனா பெய்ன்ஸ், டோனி ஃப்ரீல். குழுவின் பெயர் ஆல்பெர் காம்யுவின் நாவலிலிருந்து எடுத்தது. நீங்கள் சொன்ன பாடகர் ஸ்மித்தான். துறைமுகத்தில் கப்பல் சரக்குக் குமாஸ்தாவாக இருந்தவர். எந்த வாத்தியமும் முறையாகக் கற்றதில்லை. ஆனால் வாசிப்பு அதிகம்: ஆர்தர் மேக்கன், லவ்கிராஃப்ட், ஃபிலிப் கே. டிக், வின்டம் லூயிஸ். கேட்ட இசையும் அப்படித்தான்: ஜெர்மனியின் கேன் குழு, வெல்வெட் அண்டர்கிரவுண்ட், அமெரிக்காவின் பழைய ராக்கபில்லி, கராஜ் ராக். இவற்றில் எதையும் அவர் நகல் எடுக்கவில்லை. ஒரே கார்டை (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டத்தை) விடாமல் பிடித்துக்கொண்டு அதன்மேல் பேசிக்கொண்டே போகலாம் என்ற துணிச்சலை மட்டும் எடுத்துக்கொண்டார்.

அந்தத் துணிச்சலைக் குழு முதல் வெளியீட்டிலேயே போட்டு உடைத்துவிட்டது. 1978-ல் வந்த 'பிங்கோ-மாஸ்டர்ஸ் பிரேக்-அவுட்' என்ற சிறு தட்டில் 'ரெப்பிட்டிஷன்' என்று ஒரு பாட்டு இருக்கிறது. திரும்பச் செய்வதையே கொள்கையாக அறிவிக்கும் பாட்டு. பாட்டின் அமைப்பும் அதேதான். பங்க் இசை வேகத்தைப் பிடித்துக்கொண்டு ஓடிய வருடத்தில் இவர்கள் வேண்டுமென்றே மெதுவாக, சலிப்பின் விளிம்பு வரை இழுத்து வாசித்தார்கள். அதனால் நீங்கள் புகாராகச் சொன்ன விஷயம் அவர்கள் கண்ணில் படாத ஒன்றல்ல. அவர்களுடைய அறிக்கையின் முதல் வரியே அதுதான்.

சரி, திரும்பத் திரும்ப வாசிப்பதில் என்ன சுகம்? ஸ்டீவ் ஹான்லியைக் கேளுங்கள். 1979-ல் பேஸ் வாசிக்க வந்தவர், 1998 வரை இருந்தார். என்னைக் கேட்டால் இந்தக் குழுவின் முதுகெலும்பு அவர்தான். கடினமாக எதையும் அவர் வாசிப்பதில்லை. நான்கைந்து சுரங்கள், கனத்த ஒலி, ஒவ்வொரு சுற்றும் ஒரே இடத்தில் வந்து உட்காரும். ஆனால் கவனித்தால், எந்தச் சுற்றும் முந்தையதன் அச்சு நகல் அல்ல. ஒரு சுரத்தைக் கொஞ்சம் தள்ளி அடிப்பார், ஒன்றைச் சற்று நீட்டுவார், ஒன்றை விட்டுவிடுவார். கணினியில் ஒரு சுற்றை வெட்டி ஒட்டினால் இது கிடைக்காது. நான்கு நிமிடம் கேட்ட பிறகு காது மெட்டைத் தேடுவதை நிறுத்திவிட்டு இந்தச் சின்னச் சின்ன நகர்வுகளைப் பிடிக்கத் தொடங்கும். அங்கேதான் பாட்டு திறக்கிறது. அவர் தம்பி பால் ஹான்லி, பள்ளிப் பருவம் முடிந்தும் முடியாத வயதில் டிரம்ஸ் வாசிக்கச் சேர்ந்தவர். 1980-களின் முற்பகுதியில் கார்ல் பர்ன்ஸும் கூடச் சேர, இரண்டு டிரம்மர்கள் ஒரே மேடையில் வாசித்தார்கள். கிரேக் ஸ்கேன்லனின் கிட்டாரும் சுருதி கொஞ்சம் பிசகியதுபோல் கரகரத்துக்கொண்டு தாளத்தின் பக்கமே நிற்கும். தனியாவர்த்தனம் செய்யவே செய்யாது. மொத்தக் குழுவும் தாளக் கருவியாகிவிட்ட நிலை அது.

இப்போது குரலுக்கு வருகிறேன். ஸ்மித் பாடுவதில்லை என்பது உண்மை. சுருதி சேர்ப்பது அவர் நோக்கமே இல்லை. ஆனால் தாளத்தில் அவர் எங்கே விழுகிறார் என்று பாருங்கள். ஒரு வரியைத் தாளத்துக்கு முன்பே தொடங்கி, நடுவில் நிறுத்தி, கடைசிச் சொல்லின் வாலில் ஒரு 'அ' சேர்த்து ஓங்கித் தட்டுவார். அந்த 'அ' அவருடைய முத்திரை. கேலி செய்பவர்கள் அதைத்தான் நடித்துக் காட்டுவார்கள். ஒலிப்பதிவுக்காரனாக நான் அதை ஸ்னேர் டிரம்மின் அடியாகவே கேட்கிறேன். வாத்தியங்கள் அசையாமல் நிற்பதால்தான் குரல் எங்கு வேண்டுமானாலும் போய்வர முடிகிறது. பின்னணி வளைந்து நெளிந்து, பல்லவி சரணம் என்று மாறிக்கொண்டிருந்தால், அந்தக் குரல் வெறும் பிசகாகத்தான் கேட்டிருக்கும். 1980-ல் வந்த 'டோட்டலி வயர்ட்' சிங்கிளை ஒருமுறை இந்தக் காதோடு கேளுங்கள். காபி குடித்து நரம்பு முறுக்கேறிய ஒருவனின் படபடப்பு. அந்தப் படபடப்பைச் சொற்களைவிட, அவர் சொற்களை எறியும் இடைவெளிகள் நன்றாகக் காட்டுகின்றன.

பாடல் வரிகளைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பதில் முடியாது, ஏனென்றால் ரசிகர்கள் ஒட்டிக்கொள்வது அங்கேதான். ஸ்மித் காதல் பாட்டு எழுதியது குறைவு. பிங்கோ அரங்கில் எண்களை அழைத்து அழைத்து மனம் உடைந்துபோகும் மனிதர், கன்டெய்னர் லாரி ஓட்டுநர்கள், கால்பந்தில் திறமையைக் கழுத்தை நெரிக்கும் சங்க அதிகாரிகள், "அந்தப் படைப்பை எப்படி எழுதினீர்கள்" என்று எல்லோரும் கேட்டுக் கேட்டே எழுத முடியாமல் போகும் எழுத்தாளன்: இவர்கள்தான் அவருடைய பாத்திரங்கள். அந்தக் கடைசிப் பாட்டுக்குத் தலைப்பு 'ஹவ் ஐ ரோட் எலாஸ்டிக் மேன்'. பாட்டுக்குள் அவர் எலாஸ்டிக் என்று சொல்வதில்லை, பிளாஸ்டிக் என்றே பாடுகிறார். எழுத்தாளனைத் துரத்துபவர்கள் அவன் படைப்பின் பெயரைக்கூடச் சரியாகச் சொல்லவில்லை என்ற குத்தல் அதில் இருக்கிறது என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

எனக்கு மிகவும் பிடித்தது 1982-ல் வந்த 'ஹெக்ஸ் எண்டக்‌ஷன் அவர்' ஆல்பத்தில் உள்ள 'வின்ட்டர்'. குளிர்காலத்து வட இங்கிலாந்துத் தெரு. ஏழு வயதுப் பையன் ஒருவன் எதிரே நடந்து வருகிறான். அவன் அம்மா வீட்டு வேலை செய்பவர். நூலகத்தில் ஒருவர் போதை தெளிவதற்காக உட்கார்ந்திருக்கிறார். மூன்றேகாலுக்கு எரிச்சல் வந்துவிடும், மணியோ மூன்று பதிமூன்று. இவ்வளவுதான் சம்பவம். நடுவில் ஒரு கவனிப்பு வருகிறது: இலை உதிர்ந்துபோனதால், இதுவரை மறைந்திருந்த வாசல்களும் தெருப் பலகைகளும் கண்ணில் படுகின்றன. அவற்றைக் கொண்டுவந்து கொடுத்தது குளிர்காலம் என்று ஒரு வரி. உவமை இல்லை, உணர்ச்சிக் கூச்சல் இல்லை. கண் பார்த்ததை ஒரு குமாஸ்தாவின் சுருக்கத்தோடு குறித்துவைக்கிறார். இரண்டு நிமிட இடைவெளியை வைத்து ஒரு மனிதனின் முழுப் பிற்பகலையும் காட்டிவிடுகிறார். இசைத்தட்டில் இந்தப் பாட்டை ஒரே மூச்சாகக் கேட்க முடியாது. முதல் பக்கத்தின் கடைசியில் பாதி, தட்டைத் திருப்பினால் மீதி. பின்னால் அதே ரிஃப், கொஞ்சமும் அசையாமல். இந்தப் பாட்டைப் பாடத் தெரிந்த ஒரு நல்ல பாடகர் பாடியிருந்தால் உருக்கமாக்கிக் கெடுத்திருப்பார்.

அதே ஆல்பத்தின் ஒலியைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு பகுதி ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக்கில் பதிவானது, மற்றது இங்கிலாந்தின் ஹிட்சினில் மூடிக்கிடந்த சினிமா கொட்டகை ஒன்றில். கொட்டகையில் வாசித்தால் டிரம்ஸைச் சுற்றி காற்று இருக்கும். அடி விழுந்த பிறகு அந்த இடமே ஒருமுறை மூச்சு விடுவது கேட்கும். இரண்டு டிரம்மர்களை அப்படி ஓர் இடத்தில் பதிவு செய்ததால் வந்த கனம் வேறு எந்த ஃபால் ஆல்பத்திலும் இல்லை. ஐஸ்லாந்தில் பதிவானதில் 'ஹிப் பிரீஸ்ட்' முக்கியமானது. ஏழு நிமிடத்துக்கு மேல் ஓடும். பெரும்பாலும் கிசுகிசுப்பு, ஓரிரு கிட்டார்ச் சுரம், ஊரில் தன்னை மதிப்பாரில்லை என்று ஒரு மனிதனைப் பற்றித் திரும்பத் திரும்ப வரும் புலம்பல். எதிர்பாராத நேரத்தில் முழுக் குழுவும் வெடிக்கும், பிறகு மறுபடி அடங்கும். 'தி சைலன்ஸ் ஆஃப் தி லாம்ப்ஸ்' படத்தில் கொலைகாரனின் நிலவறைக் காட்சியில் இந்தப் பாட்டு ஒலிக்கிறது. படம் பார்த்திருந்தால் தெரியாமலே இவர்களைக் கேட்டிருப்பீர்கள். 'ஐஸ்லாந்து' என்ற பாட்டு இன்னும் விசித்திரம். வாத்தியக்காரர்கள் பியானோ, பான்ஜோ என்று கையில் கிடைத்ததை வைத்து ஒரு சுற்றை உருட்டிக்கொண்டிருக்க, ஸ்மித் விடுதி ஜன்னலில் காற்று மோதும் சத்தத்தைப் பதிவு செய்து வைத்திருந்த கேசட்டை ஓடவிட்டு, ஒத்திகையே இல்லாமல் அதன்மேல் பாடினார். அந்தக் காற்றுச் சத்தத்தைப் பாட்டில் இன்றும் கேட்கலாம்.

இந்தக் குழுவின் விசித்திரங்கள் எல்லாமே இப்படி வேலைமுறையிலிருந்து வந்தவை. மேடையில் வாசித்துக்கொண்டிருக்கும்போதே ஸ்மித் நடந்துபோய் மற்றவர்களின் ஆம்ப்ளிஃபயர் குமிழ்களைத் திருகுவார். டிரம்ஸ் முன்னால் இருக்கும் மைக்கைப் பிடுங்கிக்கொள்வார். கீபோர்டில் கையை வைத்துச் சம்பந்தமில்லாமல் அழுத்துவார். வாத்தியக்காரர்கள் பழகிப்போய், சொகுசாக வாசிக்கத் தொடங்குவதை அவரால் பொறுக்க முடியாது. இது இசைக்கு நன்மை செய்தது என்று பாடல்களைக் கேட்டு என்னால் சொல்ல முடியும். ஆனால் அந்த மனிதர்களுக்கு நன்மை செய்யவில்லை. நாற்பது வருடத்தில் 60-க்கும் மேற்பட்டோர் வந்துபோனார்கள். பலர் ஒரு வருடம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. 1998-ல் நியூயார்க்கில் மேடையிலேயே கைகலப்பாகி, ஸ்டீவ் ஹான்லி உட்படப் பழைய ஆட்கள் விலகினார்கள். 2006-ல் அமெரிக்கப் பயணத்தின் நடுவே மூன்று பேர் கிளம்பிப்போக, ஸ்மித் அங்கேயே உள்ளூர் ஆட்களைச் சேர்த்துக்கொண்டு மீதிக் கச்சேரிகளை நடத்தினார். யார் இருந்தாலும், தான் இருந்தால் அது தி ஃபால்தான் என்று அவர் சொன்னது பிரபலம். அதற்கு ஊடகங்களில் பல வடிவங்கள் உலவுகின்றன. அந்தக் கூற்றோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஹான்லி சகோதரர்கள், ஸ்கேன்லன், இன்னொரு கிட்டார்காரரான மார்க் ரைலி இருந்த காலத்துத் தட்டுகளையும் பிறகு வந்தவற்றையும் அடுத்தடுத்துக் கேட்டால், இந்த இசையில் பாதி அவர்களுடைய உழைப்பு என்பது தெரியும்.

இதுவரை சொன்னது காதால் சரிபார்க்கக்கூடியது, அல்லது நன்றாகப் பதிவாகியிருப்பது. இனி வருவது அப்படியல்ல. வரிகளுக்கு 'இதுதான் அர்த்தம்' என்று ரசிகர்கள் எழுதிக் குவித்திருப்பதில் பெரும்பகுதி ஊகம். அச்சிட்ட வரிகளும் ஸ்மித் பாடுவதும் பல இடங்களில் ஒத்துப்போகாது. கேட்டவர்களிடம் அவர் நேராக விளக்கம் கொடுத்ததும் அபூர்வம். அவருக்கு நடக்கப்போவது முன்கூட்டியே தெரியும் என்று சொல்கிறவர்களும் உண்டு. 1986-ல், பணயக் கைதிகளை மீட்கப் பேச்சு நடத்திய இங்கிலாந்துத் திருச்சபைத் தூதர் டெரி வெயிட்டின் பெயரில் ஒரு பாட்டு வந்தது. சில மாதங்களில், 1987 ஜனவரியில், அவர் பெய்ரூட்டில் கடத்தப்பட்டார். 1996-ல் மான்செஸ்டர் நகர மையத்துக்குப் போகாதே என்று எச்சரிக்கும் 'பவுடர் கெக்' வந்த மாதத்திலேயே அங்கே அயர்லாந்து ஆயுதக் குழுவான ஐ.ஆர்.ஏ. வைத்த குண்டு வெடித்தது. இரண்டும் நடந்தவைதான். ஆனால் நாற்பது வருடம் செய்தித்தாளும் ஊர்ப்பேச்சும் வைத்துப் பாட்டு எழுதிய ஒருவருக்கு இரண்டு பொருத்தங்கள் அமைவது எனக்கு அதிசயமாகப் படவில்லை. 1985-ன் 'பெயின்ட்வொர்க்' பாட்டில் திடீரென்று ஒலி மங்கி, நடுவே தொலைக்காட்சிக் குரல் நுழைகிறது. டேப்பைக் கேட்டுக்கொண்டிருந்தபோது தவறுதலாகப் பதிவுப் பொத்தான் அழுந்திவிட்டது என்பது எல்லோரும் சொல்லும் கதை. விபத்தாகவே இருந்தாலும், அதைத் தூக்கி எறியாமல் ஆல்பத்தில் வைத்தது தீர்மானம்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். 'ஹெக்ஸ்' ஆல்பத்தின் முதல் பாட்டான 'தி கிளாசிக்கல்' தொடக்கத்திலேயே கறுப்பின மக்களைக் குறிக்கும் ஓர் இழிசொல் வருகிறது. அது பாத்திரத்தின் குரல், போலி முற்போக்கைச் சாடுவது என்று ரசிகர்கள் வாதாடுவார்கள். அப்படியும் இருக்கலாம், பாட்டுக்குள் அதை உறுதி செய்யும் தடயம் எனக்குக் கிடைத்ததில்லை. அந்தப் பாட்டின் டிரம்ஸ் தொடக்கம் அபாரமானது. அந்தச் சொல் ஒவ்வொரு முறையும் எனக்கு உறுத்துகிறது. அதை நியாயப்படுத்த நான் முயலமாட்டேன்.

பாவனையா என்று கேட்டீர்கள். ஒரு மனிதரைச் சொல்கிறேன். பிபிசி ரேடியோ 1-ன் ஜான் பீல், 1978 முதல் 2004 வரை தன் நிகழ்ச்சிக்காக இவர்களை 24 முறை கூடத்துக்கு அழைத்துப் பதிவு செய்தார். எப்போதும் வேறு மாதிரி, எப்போதும் அதே மாதிரி என்று அவர் இவர்களைப் பற்றிச் சொன்னது எல்லோருக்கும் தெரியும். புதுப் புதுக் குழுக்களைத் தேடிப் பிடிப்பதே வேலையாக இருந்தவர், இருபத்தாறு வருடம் பாவனைக்காக ஒரே குழுவிடம் திரும்பத் திரும்பப் போயிருக்க மாட்டார். ரசிகர்களில் காட்டிக்கொள்பவர்களும் இருக்கலாம். அது எந்த இசைக்கும் உள்ளதுதான். உங்களுக்குப் பிடிக்காமல் போனாலும் உங்கள் காதில் குறை என்று அர்த்தமில்லை.

எங்கே ஆரம்பிப்பது? 'ஹெக்ஸ்' என் உயிர், ஆனால் அதை முதலில் கொடுக்க மாட்டேன். 1985-ன் 'திஸ் நேஷன்ஸ் சேவிங் கிரேஸ்' சரியான வாசல். 1983-ல் ஸ்மித்தை மணந்து குழுவில் சேர்ந்த அமெரிக்கர் பிரிக்ஸ், கிட்டாரில் மெட்டைக் கொண்டுவந்தார். ஜான் லெக்கியின் தயாரிப்பு ஒலியைத் தெளிவாக்கியது. அதில் 'எல்.ஏ.' கேளுங்கள், முனகலும் பளபளப்பும் சேர்ந்தது. அடுத்து 'ஐ ஆம் டாமோ சுசுகி', கேன் குழுவின் ஜப்பானியப் பாடகருக்குச் செலுத்திய வணக்கம். அதில் டிரம்ஸ் பாட்டோடு சேராமல் தன் போக்கில் போவதுபோல் இருக்கும். பேஸைப் பிடித்துக்கொண்டு கேட்டால் தொலைந்துபோக மாட்டீர்கள். ஆல்பமாகக் கேட்கப் பொறுமை இல்லையென்றால் 2004-ல் வந்த '50,000 ஃபால் ஃபேன்ஸ் கான்ட் பி ராங்' தொகுப்பு இருக்கிறது. 39 பாட்டு, காலவரிசையில். பிறகு 'குரோட்டெஸ்க்', 'ஸ்லேட்ஸ்', அதற்குப் பின் 'ஹெக்ஸ்'. செல்பேசி ஸ்பீக்கரில் மட்டும் வேண்டாம். பேஸ் கேட்காது, பேஸ் இல்லாவிட்டால் நீங்கள் சொன்ன கத்தல் மட்டுமே மிஞ்சும்.

பிற்காலத்தைப் பலர் ஒதுக்குவார்கள். அந்த ஆல்பங்களில் ஏற்ற இறக்கம் உண்டு என்பது சரி. ஆனால் 2005-ன் 'பிளைண்ட்னெஸ்' ஒன்றே போதும். அழுக்கேறிய பேஸ் ரிஃப் ஏழு நிமிடத்துக்கு மேல் உருண்டுகொண்டே இருக்க, ஐம்பதை நெருங்கிய ஸ்மித் அதன்மேல் உறுமுகிறார். ஹான்லி விலகிச் சில வருடங்களுக்குப் பிறகும் குழுவுக்குள் அந்த முறை உயிரோடு இருந்தது. கடைசி ஆல்பம் 2017-ல் வந்தது. கடைசிக் கச்சேரிகளில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி பாடினார். 2018 ஜனவரி 24 அன்று, 60 வயதில் இறந்தார். அவரில்லாமல் அந்தப் பெயரில் குழு தொடரவில்லை. ஆனால் மார்ட்டின் பிராமா, ஹான்லி சகோதரர்கள் உட்படப் பழைய உறுப்பினர்கள் ஐந்து பேர் சேர்ந்து 'ஹவுஸ் ஆஃப் ஆல்' என்ற பெயரில் 2023-ல் ஓர் ஆல்பம் வெளியிட்டார்கள். அதில் அந்த பேஸும் அந்த டிரம்ஸும் மறுபடி ஒன்றாக வாசிப்பதைக் கேட்கலாம்.